எத்தனை அடி

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இயந்திரம்
விடியக் காலை மூன்று மணிக்கே உருளத் தொடங்கும்.
எனக்கு அது சம்பளத்தின் சத்தம்.
முள்ளங்கி கட்டிலடியில் புகுந்து
பழைய சாக்காகிவிடும்.

முள்ளங்கி என் நாய். வெள்ளை, அதனால் அந்தப் பெயர்.
மேட்டுப்பாளையம் லாரிக்காரன் ஒருவன்
இயந்திரத்துக் கம்பியிலேயே எட்டு மாதம் கட்டிவைத்து
ஒரு மழைநாளில் சங்கிலியோடு விட்டுப் போனான்.
கழுத்தில் முடி முளைக்காத வளையம்
இன்னும் இருக்கிறது.

"நாலு அடி போடு, சரியாயிடும்"
என்றார் எடைமேடை ஹாலன்.
போட்டுத்தானே இப்படி ஆச்சு
என்று வாய்வரை வந்தது.
மூட்டை எண்ணைச் சொன்னேன்:
நூற்றுப் பதினேழு.

குன்னூர் கால்நடை ஆஸ்பத்திரியில்
ஊசியை உதறிக்கொண்டே கேட்டாள் ரோஸ்லின்:
"எத்தனை அடி?"
நான் அடிக்கிறதே இல்லைங்க என்றேன்.
சிரித்துவிட்டாள்.
"சத்தத்துக்கு எத்தனை அடி தள்ளி நின்னா
தின்னும்னு கேட்டேன்."

மறுநாள் டீ நேரத்தில் அளந்தேன், என் ரப்பர் செருப்பால்.
இயந்திரத்திலிருந்து அறுபத்து மூன்று,
கற்பூரமரம் முறிந்து கிடக்கும் வளைவு.
அங்கே கேரட் துண்டைக் கொடுத்தால் கரக், கரக்.
அறுபத்திரண்டில் வாங்கி
வாயிலேயே வைத்துக்கொள்கிறது.
அறுபதில் என் கை இருப்பதே
அதற்குத் தெரிவதில்லை.

எனவே அறுபத்து மூன்றில் குடியிருந்தோம்
கார்த்திகை முழுக்க.
மஞ்சு இறங்கி இயந்திரம் மறைந்த நாட்களில்
சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது;
அது இன்னும் மோசம்.

ராத்திரியெல்லாம் தூங்கி எழுந்த நாய்
லாரி வரும்போது மட்டும்
ஏன் கொட்டாவி விடுகிறது?
இது புரிய எனக்குப் பதினொரு நாள் ஆனது.
அப்புறம்தான் கவனித்தேன்,
மண்டிக்காரர் பேரேட்டைத் திறந்தால்
எனக்கும் கொட்டாவி வரும்.
திமிர் என்பார்.

கயிறும் அப்படித்தான்.
நான் இறுக்கிப் பிடிப்பது எனக்கே தெரியாது.
முள்ளங்கிக்குத் தெரிந்தது.
வீட்டு வாடகைத் தேதியும்
கயிறு வழியாக அதற்குப் போயிருக்கும்.
மூச்சை விட்டுவிட்டு, தோளை இறக்கி,
கயிறு தொய்ந்து தரையைத் தொடும்வரை
சும்மா நிற்கப் பழகினேன்.
போகிறவர்கள் பார்த்தார்கள்:
நடுரோட்டில் ஒருத்தி, ஒரு நாய்,
இரண்டும் ஒன்றும் செய்யாமல்.

தை பிறந்தபோது ஐம்பத்தொன்று.

அப்போதுதான் காட்டெருமை இறங்கியது
போஜன் தோட்டத்தில்.
விரட்ட யாரோ வெடி போட்டார்கள்.
கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது.
இரண்டு நாள் கட்டிலடி. தண்ணீர்கூட இல்லை.
மூன்றாம் நாள் ராத்திரி நானும் கீழே படுத்து
எதுவும் சொல்லாமல்
சிமெண்டுத் தரையின் குளிரை வாங்கிக்கொண்டேன்.
விடியும்போது கையிலிருந்த கட்டை
ஒருமுறை நக்கிப் பார்த்தது.

மறுபடி முதலிலிருந்து; முதலுக்கும் முன்னாலிருந்து.
எண்பதாவது அடி ரோட்டில் இல்லை, அங்கே வளைந்துவிடுகிறது.
போஜனிடம் கேட்டு
அவருடைய முட்டைக்கோஸ் பாத்தி ஓரம் நின்றோம்.
"பயிரை மிதிக்காம நில்லுங்க ரெண்டு பேரும்"
என்றார்.

இன்று பங்குனி எட்டு.
உறைபனியில் கருகிய புல் அடியில் பச்சை வைக்கிறது.
இயந்திரம் உருள்கிறது, சிவப்புத் தண்ணீர் கால்வாயில் ஓடுகிறது.
முள்ளங்கி காதைத் திருப்பியது,
சத்தத்தைக் கேட்டது,
இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்தது
டீக்கடையில் வேலையில்லாதவர் உட்காருவதுபோல.

மேடையிலிருந்து ஹாலன்
இரைச்சலுக்கு மேல் கத்தினார்:
"இன்னிக்கு எத்தனை அடி?"
"நாப்பத்தி நாலு!"

புதிதாக வந்த லாரி கிளீனர் பையன்
திடுக்கிட்டு
என் கையில் தடியைத் தேடினான்.
பாதிக் கேரட் இருந்தது.